ஒன்பது ஓ போட்ட மாடு

கையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பேச்சியம்மாள் சரியென்று தலையாட்டியிருப்பாள். ஆட்டவும் செய்தாள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள், விட்டாள். செல்போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தாள். இந்த அறைக்குள் வளையல் சத்தம் ஆகாது என்றார்கள், ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வாங்கிய கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக உருட்டி ஒன்றுகூட உடையாமல் கழற்றிப் பைக்குள் போட்டாள். எல்லாம் முடிந்து, பிள்ளையை மேசைக்கு முன்னால் சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் பேச்சிக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, காது பரிசோதிக்கிற ஜாஸ்மின் மேடம் சொன்னார்: "அம்மா, பாப்பா உங்க முகத்தப் பாக்கக் கூடாது. முக்கியமா கையத் தொடாதீங்க. சத்தத்துக்கு அசைஞ்சாளா, நீங்க தொட்டதுக்கு அசைஞ்சாளான்னு எனக்குத் தெரியாமப் போயிடும்." அதற்கும் தலையாட்டினாள். மூன்று வருஷமாகத் தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சு அத்தனையும் தாரணியின் இடது உள்ளங்கையில் நடந்தது. அந்தக் கையைத் தொடாதே என்றால் வாயைக் கட்டிப்போட்ட மாதிரிதான். இது மேடத்துக்குத் தெரியாது, சொல்லவும் நேரமில்லை, வெளியே இன்னும் எத்தனையோ பிள்ளைகள் காத்துக் கிடக்கின்றன. தன் கைகளின்மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லாததால் இரண்டையும் தொடைக்கடியில் கொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

விளையாட்டு இதுதான். தாரணி வலது கையில் ஒரு பாசிமணியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டால் மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். முதலில் ஒத்திகை பார்த்தார்கள். மேடம் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார், தாரணி போட்டாள். மறுபடி தட்டினார், போட்டாள். "சமத்து, உடனே பிடிச்சுக்கிட்டாளே" என்றார் மேடம். பிடிக்காமல் என்ன, விசைத்தறிக் கூடத்தில் வளர்ந்த பிள்ளை. கரண்ட் போனால் காதுள்ளவர்களுக்கு முந்தி உள்ளங்காலால் அவளுக்குத்தான் தெரியும். மேசை அதிர்ந்தால் முழங்கை வழியாக வாங்கிக்கொள்வாள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அப்புறம்தான் மேடம் வயரை எடுத்தார். வலது காதுக்கு மேலே மழித்த இடத்தில் முடி இப்போதுதான் அரும்பியிருந்தது. அங்கே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த காந்தத்தோடு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை ஒன்று டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து வயர் கம்ப்யூட்டருக்குப் போனது. "ரொம்பப் பொடிச் சத்தத்துல ஆரம்பிப்பேன். அது அவ தலைக்குள்ள மட்டும்தான் கேக்கும், நமக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டு மேடம் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினார். தாரணி மணியைக் கன்னத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடம் மறுபடி அமுக்கினார். மணி கன்னத்திலேயே இருந்தது. கூட்டி அமுக்கினார். அப்படியேதான் இருந்தது. பேச்சி எச்சில் விழுங்கினாள். அந்த அறையில் எச்சில் விழுங்கியது அவளுக்கே பெரிதாகக் கேட்டது, எங்கே மேடத்துக்கும் கேட்டுவிட்டதோ என்று பயந்தாள்.

இப்படி ஒரு அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. சுவரெல்லாம் மெத்தை, கதவில் மெத்தை, காலுக்குக் கீழேயும் மெத்தை. அவள் வீட்டில் விடியக்காலம் தொடங்கினால் இருட்டும்வரை தறிச் சத்தம்தான். நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போய் வருகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம், அதுக்கு மேலே கத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசுகிற சத்தம். கட்டிக்கொடுத்த புதிதில் தலைவலி தாங்காமல் அழுதிருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது, நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கிவிழவும் பழகிவிட்டது. இங்கே சத்தமில்லாதது காதை அடைக்கிறது. பிள்ளைக்கு மூன்று வருஷமாக இப்படித்தான் இருந்ததோ, இந்த மெத்தை அறைக்குள்தான் இருந்தாளோ, நாமெல்லாம் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி நின்றோமோ என்று தோன்றியது. கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதில் இசக்கியின் மூக்கு. உள்ளே ஒருத்தர்தான் வரலாம் என்று அவள் புருஷனை வெளியே நிறுத்திவிட்டார்கள். தறிக்காரன், வாயைத் திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும், இப்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் திறந்து திறந்து மூடியது, ஒரு எழுத்தும் உள்ளே வரவில்லை. என்னாச்சு என்று கேட்கிறான். பேச்சி தலையை அசைக்கவில்லை. இந்தப் பக்கம் அசைத்தால் போச்சு என்று அர்த்தம், அந்தப் பக்கம் அசைத்தால் ஆச்சு என்று அர்த்தம், இரண்டில் எதையும் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

மேடம் அமுக்குகிறார். ஒன்றுமில்லை. டாக்டர் ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே சொல்லிவிட்டார், யாரும் அவளை ஏமாற்றவில்லை. மூளைக்காய்ச்சலில் போன காது, மூன்று வருஷம் ஆகிவிட்டது, குழாய்க்குள் உப்புப் படிகிற மாதிரி உள்ளே எலும்பு படிந்துவிட்டது. இடது பக்கம் முழுக்க அடைந்துபோனது, அதில் கை வைக்க முடியாது. வலது பக்கம் பாதி வயர்தான் உள்ளே போயிருக்கிறது. "ஆன் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்மா" என்றார். இதுதான் அந்த ஆன். இதில் கேட்கவில்லை என்றால் இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, அவ்வளவுதான், பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். காய்ச்சல் விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குக்கூட யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை பிழைத்ததே பெரிசு என்று இருந்தார்கள். மறுநாள் சாயங்காலம், எதிர்வீட்டுச் செவலை நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு தெருவில் நின்று குரைக்கிறது. அந்த நாய் குரைத்தால் வீட்டுக்குள் ஓடி வந்து பேச்சியின் சேலையைத் தலையில் போட்டுக்கொள்கிற பிள்ளை, ரெண்டரை வயசு, அன்றைக்கு நேரே அதை நோக்கி நடந்துபோகிறது. நாய் பல்லைக் காட்டிக் குரைக்கிறது, இது சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறது. பேச்சி கத்தினாள். தறியையெல்லாம் மீறி ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். எல்லோரும் திரும்பினார்கள், பிள்ளை திரும்பவில்லை. எப்படி ஓடினாள், எப்படித் தூக்கினாள் என்பது இன்றைக்கும் ஞாபகமில்லை. அந்த முதுகு மட்டும் ஞாபகமிருக்கிறது. மஞ்சள் கவுன் போட்ட சின்ன முதுகு, திரும்பாத முதுகு. இப்போதும் அவளுக்கு முன்னால் அதே முதுகுதான் இருக்கிறது, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

அந்த நாயைப் பற்றி எச்சரிக்கத்தான் எழுத்தே தொடங்கியது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சார்ட் ஒன்று சுவரில் தொங்கியது, ஒரு பக்கம் மிருகங்களின் படம், பக்கத்தில் அது அது போடுகிற சத்தம் இங்கிலீஷில். நாய் படத்தைக் காட்டி, பிள்ளையின் உள்ளங்கையில் பெரிய பி, பெரிய ஓ, பெரிய டபிள்யூ என்று விரலால் அழுத்தி எழுதினாள், முகத்தையும் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். தமிழில்தான் முதலில் எழுதிப்பார்த்தாள். லொள் என்று எழுதினால் சுழியெல்லாம் கூச்சம் காட்டி, பிள்ளை சிரித்துக் கையைப் பிடுங்கிக்கொண்டது. கடிக்கிற நாய்க்குச் சிரித்தால் ஆகுமா. இங்கிலீஷ் எழுத்துக்குக் கூச்சம் கிடையாது, கோடும் வட்டமுமாக நேரே வந்து நிற்கிறது. ஆனால் சார்ட்டில் போட்டிருந்தது பேச்சிக்குப் போதவில்லை. மாட்டுக்கு எம், ஓ, ஓ என்று போட்டிருந்தான் சார்ட்டுக்காரன். ரெண்டே ரெண்டு ஓ. சீக்காளி மாடுகூட அதைவிட அதிகம் கத்தும். அவள் சித்தப்பா வீட்டுக் காரிப் பசுவுக்கு ஒன்பது ஓ போட்டாள், உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டு தாண்டி முழங்கைவரை போனது. கன்றைத் தேடுகிற பசுவென்றால் எம்மை நாலு தரம் எழுதி பி ஒன்று சேர்த்து அப்புறம் ஏ ஏ ஏ. பூனைக்கு அவன் கடைசியில் டபிள்யூ போட்டிருந்தான், அதை எழுதி முடிப்பதற்குள் பூனை மதில் ஏறிப் போய்விடுகிறது, எனவே வி போதும் என்று வைத்துக்கொண்டாள். பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. மாடு கத்தும்போது அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், கழுத்து நீண்டிருக்கிறவரை காற்றில் ஓ போட்டுக்கொண்டே இருப்பாள், மாடு வாயை மூடியதும் நிறுத்துவாள். ஆட்டுக்குட்டிக்குக் கோணல் மாணலாக ஏ போடுவாள், அதன் தாடை ஆடுகிறதல்லவா, எழுத்தும் ஆட வேண்டும். காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, "என்னம்மா இது, ஒரு எம்முக்குப் பின்னாடி நோட்டு முழுக்க ஓ போட்டு வச்சிருக்கா?" என்று மிஸ் கேட்டாள். "அது பெரிய மாடு, மிஸ்" என்றாள் பேச்சி. மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிவப்பு மையால் அடிக்கப் போன கையை எடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லையே. நாய் ஆச்சு, பூனை ஆச்சு, கழுதை ஆச்சு. பிள்ளை பல்லியைக் காட்டினாள், அதற்கும் ஒன்று இருந்தது, டி டி டி கே. அப்புறம் பட்டாம்பூச்சியைக் காட்டிக் கையை நீட்டினாள். பட்டாம்பூச்சிக்குச் சத்தம் கிடையாது என்று சொல்ல உள்ளங்கையில் என்ன எழுதுவது? நீட்டிய கையை வெறுமனே மடக்கி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. எஃப் எஃப் எஃப் என்று மெதுவாக எழுதி, கடைசியில் வாயால் ஊதினாள். பிள்ளைக்கு என்ன சந்தோஷம். மறுநாள் நத்தைக்குக் கேட்டாள். அதற்கும் மறுநாள் எறும்புக்கு. எறும்புக்கு ஒரு பி போட்டு, அப்புறம் விரலை எடுத்துவிட்டு நகத்து நுனியால், தெரிந்தும் தெரியாமலும், ஐ ஐ ஐ என்று குட்டி குட்டியாய் விரல் இடுக்குவரை எழுதினாள். இந்த உலகத்திலேயே பொடிசான சத்தம் அதுதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டது. சுவரோரம் எறும்புச் சாரி போனால் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வாள், எறும்பு பேசுகிறதாம். இசக்கி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். "ஏட்டி, இல்லாத சத்தத்தையெல்லாம் பிள்ள கையில கிறுக்கிவைக்க. எறும்பு கத்துதத நீ கேட்டியா?" என்றான். அவன் எப்போதும் போடுகிற சத்தம்தான், ஆனால் அன்றைக்கு அதற்குள் அழுகை இருந்தது. "நாளப்பின்ன காது தொறந்தா என்னட்டி சொல்லுவ? நம்ம அம்மையே நம்மள ஏமாத்திட்டாளேன்னு நெனைக்காதா?" "மொதல்ல தொறக்கட்டும்" என்றாள் அவள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். திறக்காது என்று மனசுக்குள் நினைத்துத்தான் சொன்னாளோ. பெற்ற தாய் அப்படி நினைத்ததால்தான் இன்றைக்கு அந்த மணி கன்னத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறதோ.

மேடம் அமுக்குகிறார், திரையைப் பார்க்கிறார், ஏதோ குறித்துக்கொள்கிறார். பல்லுக்குக் கம்பி போட்ட சின்னப் பெண்தான், முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று பழகி வைத்திருக்கிறார். இந்த முகம் இப்படியே எத்தனை தாய்மாருக்கு முன்னால் இருந்திருக்கும். தாரணி ஒருமுறை அசைந்தாள். மணியைப் போடவில்லை. நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த இடது கை மட்டும் கொஞ்சம் பின்னால் வந்து, விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க நின்றது. அம்மாவைத் தேடுகிறது. பேச்சிக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆபரேஷன் அன்றைக்கும் இப்படித்தான் நீட்டினாள். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது, பச்சைத் துணிக்கு வெளியே இந்தக் கை நீண்டு வந்தது, என்னம்மா செய்யப் போகிறார்கள் என்று கேட்டது. அவள் குனிந்து எழுதப் போவதற்குள் நர்ஸ் துணியை இழுத்து மூடிவிட்டாள், கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கும் தொடக்கூடாது, இன்றைக்கும் தொடக்கூடாது. ஒரு ஓ, ஒரே ஒரு ஓ எழுதினால் என்ன, பிள்ளை நிம்மதியாகிவிடுமே. கெடுத்துவிடாதே பேச்சி. தொட்டால் தெரியாமல் போய்விடும் என்றார்கள். கை மூடிக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி விரிந்தது. அவளால் பார்க்க முடியவில்லை, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெத்தைத் துணியில் வரிசை வரிசையாக ஓட்டைகள், எல்லாம் ஓ ஓவாக இருந்தன.

கேட்கட்டும். முதலில் கேட்கட்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். காது திறந்து, பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்து, ஒன்றுமே வரவில்லை என்று அவள் திரும்பி வரட்டும், பொய் சொன்னியா என்று முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். வாயால் கேட்கட்டும். அந்த ஒரு சொல்லை வாயால் கேட்டுவிட்டால் பேச்சிக்குப் போதும், ஆமாம் தாயே, பொய்தான் என்று காலில் விழக்கூடத் தயார். அவளுடைய பெயருக்கே ஊரில் சிரிக்கிறார்கள், பேச்சி பெற்ற பிள்ளைக்குப் பேச்சு இல்லை என்று. சிரிக்கட்டும். ஆனால் கேட்கவில்லை என்றால்? அப்போது எறும்பு கத்திக்கொண்டே இருக்கும், மாட்டுக்கு ஒன்பது ஓ இருந்துகொண்டே இருக்கும், பிள்ளை வளர்ந்து கை பெரிதாகிவிடும், பெரிய மனுஷியான பிறகும் தாய் உள்ளங்கையில் பூனையும் நாயும் எழுதிக்கொண்டிருப்பாள். அவள் இல்லாத காலத்தில் யார் எழுதுவார்கள்? அந்தக் கையை நீட்டினால் யார் பிடிப்பார்கள்? இந்த நினைப்பு வரும்போதெல்லாம் தறிச் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்வாள், கையில் தார் சுழல மனசு அதில் ஏறிவிடும். இங்கே ஒளிய இடமில்லை. நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. அவள் இல்லாத காலத்தில், அந்தக் கை.

"வயருல இந்தப் புள்ளி பதில் சொல்லல. அடுத்ததப் பாப்போம்" என்றார் மேடம். குரலில் ஒன்றுமில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்தது. அதிலும் மணி விழவில்லை. தாரணி பொறுமையாக மணியைப் பிடித்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மேசை எப்போது அதிரும் என்று. கண்ணாடியில் இசக்கி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மேடம் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். நிறையக் குடித்தார். அவருக்கும் தொண்டை வறள்கிறது என்று பேச்சி நினைத்தாள். அப்போது அவள் கண் தன்னையறியாமல் கீழே போனது. இடது கை மூடியிருந்தது. மேடம் குடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மூடியே இருந்தது. மேடம் பாட்டிலை வைத்துவிட்டு விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனார், அமுக்கினார். கை விரிந்தது. பேச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தற்செயலாக இருக்கும். மேடம் விரலை எடுத்துத் திரையைப் பார்த்தார். கை காத்திருந்தது, ஒன்றும் வராமல் மெல்ல மூடிக்கொண்டது. அமுக்கினார். விரிந்தது. பேச்சிக்குக் காது இரண்டும் சூடானது. பாசிமணி மேசைக்கு. மேசை அதிர்ந்தால் மணியைப் போட வேண்டும், அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள், அதைப் பிள்ளை சரியாகத்தானே செய்தாள். இப்போது மேசை அதிரவில்லை, மணிக்கு வேலை இல்லை. இப்போது வருவது வேறு, இது சத்தம். சத்தம் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அது ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, இன்னும் எழுதவில்லையே என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"மேடம்" என்றாள் பேச்சி. "பேசாதீங்கம்மா." "மேடம், கொஞ்சம் அமுக்காம இருங்க. அவ எடது கையப் பாருங்க." மேடம் எரிச்சலோடு எட்டிப் பார்த்தார். கை மூடியிருந்தது. "இப்பம் அமுக்குங்க." மேடம் தலையை அந்தப் பக்கம் சாய்த்தபடியே கைநீட்டி அமுக்கினார். ஐந்து விரலும் விரிந்தன. "விடுங்க. இன்னும் ஒருக்கா." விரிந்தது. மேடம் அடுத்த தடவை அவளைக் கேட்காமலே அமுக்கினார், அதற்கடுத்தது வேண்டுமென்றே நேரம் கடத்தி அமுக்கினார், பொத்தானைத் தொடுவதுபோலக் காட்டி அமுக்காமலும் பார்த்தார். கை ஒருமுறைகூடத் தப்பவில்லை. கம்பி போட்ட பல் வெளியே தெரிந்தது. "ஏம்மா கைய விரிக்கிறா?" என்று கேட்டார். "சத்தமெல்லாம் அவளுக்கு அங்கதான் மேடம் வரும். நான் எழுதுவேன்" என்றாள் பேச்சி. மேடம் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம், "தொடுங்க" என்றார்.

மரத்துப்போன கையைத் தொடைக்கடியிலிருந்து உருவி எடுத்து, நீட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்தாள். வியர்த்திருந்தது. விரலை உள்ளங்கைக்குக் கொண்டுபோனாள், அங்கே நின்றுவிட்டாள். என்ன எழுதுவது? மாடென்றால் மாட்டை அவள் கேட்டிருக்கிறாள். நாயைக் கேட்டிருக்கிறாள். எறும்புக்குக்கூட எதையோ நினைத்து எழுதினாள். இது பிள்ளையின் தலைக்குள் மட்டும் வருகிற சத்தம், இந்த அறையில் இரண்டு பெரிய மனுஷிகளுக்கும் கேட்காத சத்தம். இதற்கு ஒரு எழுத்தும் அவளுக்குத் தெரியவில்லை. தாரணி திரும்பி அம்மாவைப் பார்த்தாள், எழுதேன் என்று கையை ஆட்டினாள். பேச்சி அந்தக் கையை மெதுவாகத் தன் மடியில் வைத்துவிட்டு, தன்னுடைய கையை விரித்து அவளுக்கு முன்னால் நீட்டினாள். பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மேடம் சத்தமில்லாமல் பொத்தானை அமுக்கினார். தாரணியின் கண் ஒரு பக்கமாகப் போய் நின்றது, எறும்புச் சாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே, அப்படி. மணியை மேசைமேல் போட்டாள், அது உருண்டு போய்க் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. தன் உதட்டில் விரலை வைத்து அவர்கள் இரண்டு பேரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள். பிறகு அம்மாவின் உள்ளங்கையில் ஒரு பி போட்டாள். போட்டுவிட்டு விரலை எடுத்து நகத்து நுனியால், தெரிந்தும் தெரியாமலும், குட்டி குட்டியாய் எழுதிக்கொண்டே விரல் இடுக்குவரை போனாள். பேச்சிக்குக் கூசியது, கையை இழுக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க இன்னொரு கையையும் எடுக்கவில்லை.

"என்னம்மா எழுதுறா?" என்று மேடம் குனிந்து கேட்டார்.

கண்ணாடிச் சதுரத்தில் இசக்கியின் முகம் அழுந்திப்போயிருந்தது, மனைவி அழுவதைப் பார்த்து அவனும் அழத் தொடங்கியிருந்தான், எதற்கென்று தெரியாமலே.

"அவுக அப்பாவ உள்ள வரச் சொல்லுங்க, மேடம்" என்றாள் பேச்சியம்மாள். "எறும்பு கத்துது."